பன்னிரண்டாவது பெயர்

பதினொரு பெயர்களையும் எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடுவார். தாளைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை, கண்ணாடி வழியாக ஒருமுறை பார்ப்பார். பிறகு எதையோ மறந்துவிட்டவரைப் போலப் பேனாவை மறுபடி திறந்து, அடியில் தன் பெயரை எழுதுவார்: ‘ரிசர்வ் – ஆ. கணேசமூர்த்தி.’ நாற்பத்தொரு வருடங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே மறதி.

தாளின் முதுகில் பழைய சோற்றைத் தேய்த்து, பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டுவார். அல்லிமூலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், கொழுந்து மலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஆகவே யங் ஸ்டார் விளையாட்டுக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை அணி விவரத்தை வரிவிடாமல் படிக்கும் வாசகர்கள் அனைவரும் தாய்மார்கள். விளையாட வேண்டியவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

“என்னாங்க மூர்த்தியண்ணே, நிரோஷன ரைட்டு விங்குல போட்டிருக்கீங்க? அவன் வெள்ளவத்தையில கொத்து ரொட்டி போடுறானாமே?”

“ஞாயித்துக்கெழம லீவு எடுத்துட்டு வருவான்.”

“போன வாரமும் இதத்தான் சொன்னீங்க.”

“போன வாரம் கடையில கல்யாண ஓடரு.”

“பேசாம எங்கள எறக்கிவிடுங்க. பந்தத் தூக்கிக் கூடையில போட்டுக்கிட்டு ஓடுறோம். ஒருத்தனுக்கும் எங்க போச்சுன்னு தெரியாது.”

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் பதில் சொல்வார், மிகுந்த பொறுப்போடு: “பொம்பளைகளுக்குத் தனி லீக்கு இருக்குதும்மா. அதுக்கு வேற ஃபோம் நெரப்பணும்.”

வயது அறுபத்தொன்று. தோட்டத்து ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்தளத்தில் முப்பத்தைந்து வருடம் நின்றவர். உலர்ந்த இலையின் வாசனை இன்னும் அவருடைய ஸ்வெட்டரை விட்டுப் போகவில்லை. ஒல்லி. கண்ணாடியை ஒரு கறுப்பு நூலால் பிடரியில் கட்டியிருப்பார். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைக் குரலைக் கேட்டுத்தான் சொல்லுவார். இளம் வயதிலேயே அப்படித்தான். பந்து அவரை நோக்கி வரும்போது இரண்டாகத் தெரியும். அவர் எப்போதும் மற்றதை உதைப்பார். யங் ஸ்டார் அவரை விரும்பிச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் கையெழுத்து. ரிசர்வ் என்று போட்டதற்குக் காரணம் மரியாதை.

இந்த நாற்பத்தொரு வருடங்களில் ஒரு நிமிடம்கூட அவர் ஆட்டத்தில் இறங்கியதில்லை. கால் முறிவுகள் இரண்டு, அம்மை நோய் ஒன்று, மூன்று பேர் படம் பார்க்க ஹட்டனுக்கு ஓடிப்போன ஞாயிறு ஒன்று என்று வாய்ப்புகள் வராமல் இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், பெரும்பாலும் யாருடைய வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மச்சான், கிடைத்துவிடுவார். ஒரே ஒரு தடவை உண்மையாகவே பத்துப் பேர்தான் இருந்தார்கள். கணேசமூர்த்தி சப்பாத்துக் கட்டி, இடுப்பில் கை வைத்து, கோட்டுக்கு வெளியே நின்றார். “மழ வந்துருச்சு” என்று அந்தக் கதையை முடிப்பார். ஆட்டம் கைவிடப்பட்டது. அவர் மழையை ஒருபோதும் குறை சொன்னதில்லை.

இன்றைக்கு யங் ஸ்டாரின் உள்ளூர் உறுப்பினர்களின் சராசரி வயது ஐம்பத்தொன்பது. தலைவர் டுபாயில் இருக்கிறார். உபதலைவர் காலமாகிவிட்டார், ஆனால் இராஜினாமாக் கடிதம் தராததால் பெயர் இன்னும் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை வாசிகசாலையில் கூட்டம். செயலாளர் கணேசமூர்த்தி வந்து, கதவைத் திறந்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, கூட்டக் குறிப்பு எழுதுவார்: ‘வாசிகசாலைக் கூரை ஒழுக்கை அடைப்பதெனச் செயலாளர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆளின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.’ தானே முன்மொழிந்து தானே வழிமொழிவது அவருடைய ஒழுக்கத்தில் இல்லை. எனவே கூரை மூன்று வருடங்களாக ஒழுகுகிறது. அவர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்துகொள்கிறார்.

கழகத்தின் மைதானம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரை மேய்ந்த புல்வெளி. குதிரைக்குச் சரிவு ஒரு பொருட்டில்லை. ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும் இடையில் நாலு அடி ஏற்றம். நாணயம் சுண்டி வென்றவர்கள் முதல் பாதியில் மேல்நோக்கி ஏறிவிடுவார்கள், களைத்த பிறகு கீழ்நோக்கி உருள்வது சுலபம். கீழ்க் கோல் தேயிலையைப் பார்த்திருக்கிறது. மேல் கோலுக்குப் பின்னால் நாலு மரம், ஒரு ஒற்றையடிப் பாதை, அப்புறம் தோட்டத்து மயானம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மயானத்துக்குப் போக வேறு வழி கிடையாது. ஒவ்வொரு பிணமும் மைதானத்தை நீளவாக்கில் கடந்தே ஆக வேண்டும். அல்லிமூலையில் ஒரு ஆட்டக்காரன் கடைசியாகக் கடப்பது அந்த மேல் கோலைத்தான்.

இந்தக் கழகத்துக்கு ஒரு விதி உண்டு. புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது: ‘சாவு விழுந்த நாளில் பந்து உதைக்கப்படமாட்டாது. பதினொருவரும் சாவு வீட்டில் நிற்க வேண்டும்.’ அதை எழுதியவர்கள் ஆட்டக்காரர்கள். எழுத வைத்தவர் பேச்சியம்மா.

எழுபத்தெட்டாம் ஆண்டு அது. மஸ்கெலியாவில் இறுதிப் போட்டி. லயத்து ஆண்களில் நடக்கக்கூடியவர்கள் எல்லாம் விளையாடவும் வேடிக்கை பார்க்கவும் லொறி ஏறிப் போய்விட்ட பகல்வேளையில், பேச்சியம்மாவின் புருஷன் மாரடைத்துச் செத்துப்போனார். இரண்டு நாளாக மழை, பாதை சரிந்து லொறி மறுநாள்தான் திரும்ப முடிந்தது. பெண்களே குழி வெட்டினார்கள். பெண்களே தோள் கொடுத்தார்கள். மயானத்துப் பக்கம் தலைகூடக் காட்டாத பெண்கள், மம்பட்டியும் பாடையுமாக அந்தச் சரிவில் ஏறினார்கள். மறுநாள் கோப்பையோடு வந்து இறங்கிய யங் ஸ்டாரை, மைதானத்தின் நடுவில் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பேச்சியம்மா வரவேற்றார். திட்டவில்லை. அழவில்லை. “பதினொரு ஆம்பள இருக்கீங்களே, ஒரு பொணம் தூக்க எத்தன பேருங்க வேணும்?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லும் வரை நகரமாட்டேன் என்று நின்றார். அந்தப் பதில்தான் விதி.

அன்று முதல் யங் ஸ்டார் இரண்டு ஆட்டங்கள் ஆடும் கழகமாகிவிட்டது. பின்களத்து நால்வர் குழி வெட்டுவார்கள். நடுக்களத்து மூவருக்குப் பந்தலும் நாற்காலியும். முன்களத்து மூவர் வேகமானவர்கள் என்பதால், டெலிபோன் இல்லாத காலத்தில் அடுத்த தோட்டங்களுக்குச் செய்தி கொண்டு ஓடினார்கள். டெலிபோன் வந்த பிறகு அந்த வேலையை மாற்றும் பிரேரணை வழிமொழியப்படாததால், இப்போதும் பஸ் பாதை வரை ஓடிவிட்டு வருகிறார்கள். கோல்கீப்பர் தலைமாட்டில் நிற்பார். மயங்கி விழும் பெண்களைத் தரையில் படாமல் பிடிப்பது அவர் பொறுப்பு. ரிசர்வுக்கு மரண அறிவித்தல் எழுதும் வேலை, அதோடு முடிந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் கணேசமூர்த்தியின் மனைவி இறந்தபோதும் அறிவித்தலை அவரேதான் எழுதினார். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அதற்குப் பிறகு அவர் தனிக்கட்டை. ஒரே மகள் சுதர்ஷினி, உடப்புசல்லாவையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாரம் தவறாமல் போன் எடுப்பாள்.

“அங்க யாருப்பா இருக்கா? தனியா கெடந்து என்ன செய்றீங்க?”

“கிளப் இருக்குதும்மா.”

“கிளப்புன்னா நீங்க மட்டும்தானேப்பா.”

“நான் ரிசர்வும்மா. பதினொரு பேரு இருக்காங்க.”

“சரி. கிளப் இல்லாமப் போச்சுன்னா வந்துருவீங்கதானே?”

அவர் யோசித்து, நேர்மையாகச் சொல்வார்: “இல்லாமப் போச்சுன்னா வந்துர்றேன்.” மகள் அந்த வாக்கை மனதில் பத்திரப்படுத்தி வைத்தாள். அவரும்தான்.

இந்த வருடம் அந்த வாக்கு பலிக்கிற மாதிரி இருந்தது. லீக் விதிப்படி, ஒரே பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்கு ஆள் இறக்காவிட்டால் கழகத்தின் பெயர் வெட்டப்படும். பெயர் இல்லாத கழகத்துக்கு மைதானம் இல்லை. யங் ஸ்டார் ஏற்கனவே இரண்டு ஞாயிறு ஆள் இறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கணேசமூர்த்தி விடியலில் எழுந்து சுண்ணாம்புக் கோடு போட்டார், வலை கட்டினார், வந்த அணிக்குப் பிளேன்டீ கொடுத்தார். லீக்கின் செயலாளரும் நடுவருமான ஜெயரத்தினம் சேர் கடிகாரத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குக் கணிதம் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாத மனிதர். பதினைந்து நிமிடம் முடிந்ததும் விசில் அடிப்பார். வந்த அணியின் தலைவன் பந்தை நடுவிலிருந்து தட்டிக்கொண்டு போய், ஆளில்லாத கோலுக்குள் ஒருமுறை உதைக்க வேண்டும். அப்போதுதான் வெற்றி பதியப்படும். அந்த உதைக்காகவே தான் வலை கட்டியிருப்பது கணேசமூர்த்திக்கு முதல் ஞாயிறு உறைக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு உறைத்தது.

“காலி வீட்டுக்குள்ள கல்லெறியிற மாதிரி இருக்குதுங்க சேர்.”

“அது சடங்குதானே ஐசே. ஒராள் கோலிலை நிண்டா நான் மறிக்கமாட்டன்,” என்றார் ஜெயரத்தினம் சேர், விதிப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தபடி.

மூன்றாவது ஆட்டம் வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு, நோர்வூட் பக்கத்து அணியோடு. வெள்ளிக்கிழமை காலையில் பட்டியலை ஒட்டினார். வெள்ளிக்கிழமை மாலையில் பேச்சியம்மா செத்துப்போனார். வயது எண்பத்துநாலு. குவைத்திலிருந்து மகள் வந்து சேர வேண்டும் என்பதால் எடுப்பு ஞாயிறு மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று.

கொழும்பு முதலாளிகளிடம் ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. பந்தாட்டத்துக்கு லீவு தரமாட்டார்கள், சாவுக்குத் தருவார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பஸ்ஸிலும் ஆட்டோவிலுமாக வந்து இறங்கினார்கள். நிரோஷன் வந்தான். கோல்கீப்பர் வந்தான். பேச்சியம்மாவின் பேரனும் நடுமுன்கள ஆட்டக்காரனுமான கிஷாந்த் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். பந்தல் கம்பு ஊன்றும்போது கணேசமூர்த்தி எண்ணிப் பார்த்தார். பதினொன்று. சுவரில் ஒட்டியிருந்த அதே பதினொன்று. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தாளும் ஆளும் ஒத்துப்போயின.

நிரோஷனும் எண்ணியிருந்தான். அவரை வாழைமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“அண்ணே, எல்லாரும் இருக்கோம். ரெண்டு மணி நேரந்தான். மேட்ச முடிச்சுட்டு அஞ்சு மணிக்கு எடுத்துட்டா என்ன?”

“அஞ்சு மணிக்கு மூடுபனி எறங்கிரும்.”

“டோர்ச்சு அடிச்சுக்கிட்டு தூக்குவோம்.”

“சாவு விழுந்தா பந்து இல்லடா.”

“இது மூணாவது தடவண்ணே. பேர வெட்டிருவாங்க.”

“தெரியும்.”

கிஷாந்தும் வந்து சேர்ந்தான். கண் வீங்கியிருந்தது. “பாட்டி ஒண்ணும் நெனக்காதுண்ணே. நான் கோல் அடிச்சா மிட்டாய் வாங்கிக் குடுத்த கெழவி அது. கோவப்படாது.”

“கோவப்படும்டா,” என்றார் கணேசமூர்த்தி. “ஒரே ஒரு தடவ பட்டுச்சு. நான் பாத்திருக்கேன்.”

நிரோஷன் கேட்டான்: “அப்ப நீங்க?”

“மக கூப்புடுறா. போக வேண்டியதுதான்.”

ஆனாலும் முயற்சி செய்யாமல் விட்டதாக இருக்கக்கூடாது என்று போன் எடுத்தார்.

“சேர், நம்ம லயத்துல ஒரு சாவுங்க. மேட்ச ஒரு கெழம தள்ளிவைக்க முடியுங்களா?”

“ஆர் செத்தது?”

“பேச்சியம்மாங்க.”

“ஆட்டக்காரற்றை பேர்ப் பட்டியலிலை இல்லையே.”

“எம்பத்துநாலு வயசுங்க சேர்.”

“அப்ப ஏலாது கணேசமூர்த்தி. பதிஞ்ச ஆட்டக்காரர் செத்தால்தான் ஒத்திவைக்கலாம். பாட்டிமாருக்கு விதி இல்லை.”

“அந்தம்மாவத்தாங்க மொதல்ல பதிஞ்சிருக்கணும்.”

மறுமுனையில் இருமல். “நான் என்ன செய்யிறது? விதி எண்டா விதிதானே.”

“அது சரிங்க சேர். எங்களுக்கும் ஒரு விதி இருக்குதுங்க.”

பழைய பட்டியலை அவர் கிழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு தாளை ஒட்டினார். அதே பதினொரு பெயர், அதே வரிசை. குழி, பந்தல், செய்தி, தலைமாடு. பேனாவை மூடினார், திறந்தார், பன்னிரண்டாவதை எழுதினார். அன்று அந்த வழியாகப் போன பெண்கள் எவரும் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஞாயிறு விடியலில் வழக்கம்போலச் சுண்ணாம்புக் கோடு போட்டார். வலையும் கட்டினார். விருந்தாளிகள் வரும்போது வீடு திறந்திருக்க வேண்டும் அல்லவா.

மூன்று மணிக்குத் தப்பு மேளச் சத்தம் மைதானத்துக்குள் நுழைந்தபோது, நோர்வூட் பையன்கள் மஞ்சள் ஜேர்சியில் நடுக்கோட்டருகே வரிசையாக நின்றிருந்தார்கள். சத்தம் நெருங்க நெருங்க, யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் விலகினார்கள். கீழ்க் கோல் பக்கமிருந்து பெட்டி ஏறி வந்தது. நால்வர் தோளில், நால்வர் தோள் மாற்றுவதற்குப் பக்கத்தில், மூவர் முன்னால். யங் ஸ்டாரின் பதினொருவரும் குறித்த நேரத்தில், குறித்த மைதானத்தில் இருந்தார்கள். ஜெயரத்தினம் சேர் தொப்பியைக் கழற்றினார். மறு கையிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தார். பெட்டி நடு வட்டத்தைக் கடந்து, மேல் கோலை ஒட்டி, மரங்களுக்குள் மறையும் வரை தொப்பி கையிலேயே இருந்தது. சுண்ணாம்புக் கோடு பத்து இடத்தில் அழிந்திருந்தது.

அன்று ஜெயரத்தினம் சேரின் பதினைந்து நிமிடம் முடிய நாற்பது நிமிடம் பிடித்தது. கணித ஆசிரியர். யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

மயானத்தில் கணேசமூர்த்தி மூன்று பிடி மண் போட்டார். குழியை மூடும் வேலை பின்களத்துக்குரியது, முடிய நேரமாகும். முன்களம், நடுக்களம் எல்லாம் மம்பட்டி மாற்ற வரிசையில் நின்றது. ரிசர்வுக்கு வேலை இல்லை. கீழே விசில் சத்தம் கேட்டது.

மரங்களிலிருந்து அவர் தனியாக வெளியே வந்தார். அன்று முன்கூட்டியே இறங்கிய மூடுபனி கீழ்க் கோலை விழுங்கியிருந்தது. நோர்வூட் தலைவன், இருபது வயதிருக்கும், பந்தைத் தட்டிக்கொண்டு மேல் கோலை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தான். அவசரமில்லாமல், தலை நிமிராமல், சாவு வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் போல.

கணேசமூர்த்தி வலையைச் சுற்றிக்கொண்டு போய், கோட்டின் மேல் நின்றார். வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டினார்.

பையன் நின்றுவிட்டான். நடுவரைத் திரும்பிப் பார்த்தான். ஜெயரத்தினம் சேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“கணேசமூர்த்தி, ஏழு பேர் இல்லாட்டி அணி இல்லை. நீர் நிக்கிறதாலை ஒண்டும் மாறாது. தெரியுமோ?”

“தெரியுங்க சேர். பட்டியல்ல பேரு இருக்குதுங்க.”

சேர் விதிப் புத்தகம் இருந்த பையைத் தொட்டார். திறக்கவில்லை. இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

கணேசமூர்த்தி பிடரியிலிருந்த கறுப்பு நூலை அவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றி, கம்பத்தின் அடியில் வைத்தார். மஞ்சளாக ஏதோ ஒன்று எதிரில் அசைந்தது.

“அடிங்க தம்பி,” என்றார். முழங்காலைச் சற்று மடக்கி, மண் காயாத இரண்டு கைகளையும் விரித்தார்.